மண்ணுக்கு அடியில் எத்தனை டன் உலோகம்? கணக்குப் போடுவது எப்படி, செய்தியில் வரும் எண்ணைப் படிப்பது எப்படி?

2020 பிப்ரவரியில் நாடு முழுக்க ஒரே பேச்சு. உத்தரப்பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் பூமிக்கு அடியில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் இருக்கிறது என்று உள்ளூர் சுரங்கத் துறை அதிகாரிகளை மேற்கோள் காட்டிச் செய்தி வந்தது. ரிசர்வ் வங்கியின் கையிருப்பைப் போல ஐந்து மடங்கு என்று டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் கணக்குப் போட்டார்கள்.

பிப்ரவரி 22 அன்று இந்தியப் புவியியல் ஆய்வு மையம் (ஜிஎஸ்ஐ) விளக்கம் கொடுத்தது. அங்கே மதிப்பிடப்பட்டது 52,806.25 டன் தாது. அதில் டன்னுக்குச் சராசரியாக 3.03 கிராம் தங்கம். மொத்தம் சுமார் 160 கிலோ.

3,000 டன் எங்கே, 160 கிலோ எங்கே? 18 ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த 160 கிலோ எப்படி வந்தது என்று பார்க்க பெரிய படிப்பு தேவையில்லை. 52,806.25-ஐ 3.03-ஆல் பெருக்கினால் 1,60,003 கிராம். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. தப்பு நடப்பதும் அங்கேதான்.

இது எங்கோ வடக்கே நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. 2024-ல் மேலூர் டங்ஸ்டன் விவகாரம் தென் மாவட்டங்களையே உலுக்கியது. கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், தேரி மணலில் உள்ள டைட்டானியம் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சு ஓடுகிறது. இப்படி ஒரு எண் செய்தியில் வந்தால் சிலருக்கு ஆசை வரும், சிலருக்கு பயம் வரும். நிலத்தை விற்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. அதனால் அந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

தாது வேறு, உலோகம் வேறு

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரிசல்காட்டு விவசாயிக்கு இது புதிதல்ல. காட்டிலிருந்து வருவது விதையோடு சேர்ந்த பருத்தி. ஜின்னிங் மில்லில் அரைத்த பிறகு கிடைக்கும் பஞ்சு, எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பத்து குவிண்டால் பருத்தி போட்டவர், ‘பத்து குவிண்டால் பஞ்சு வச்சிருக்கேன்’ என்று சொல்ல மாட்டார்.

தாது என்பது விதையோடு உள்ள பருத்தி மாதிரி. உலோகம் என்பது பஞ்சு. ஒரு டன் தாதுவில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதைத்தான் ‘தரம்’ என்கிறார்கள். நல்ல இரும்புத் தாதுவில் 60 சதவீதத்துக்கு மேல் இரும்பு இருக்கும். தாமிரத்தில் 1 சதவீதம் இருந்தாலே சுரங்கம் தோண்டுவார்கள். தங்கத்தில் சதவீதமே கிடையாது. டன்னுக்கு எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. டன்னுக்கு 3 கிராம் என்றால், பத்து லட்சம் பங்கில் 3 பங்கு.

2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் இருப்பதாக வந்த செய்தி நினைவிருக்கிறதா? பலரும் அதை 59 லட்சம் டன் லித்தியம் உலோகம் என்றே புரிந்துகொண்டார்கள். அது தாதுவின் அளவு. அதுவும் ஆரம்பகட்ட ஊகம்.

சரி, கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

அடிப்படைச் சூத்திரம் ரொம்ப எளிது. தாதுப் படிவத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு. அதை அடர்த்தியால் பெருக்கினால் எத்தனை டன் தாது என்று தெரியும். அதைத் தரத்தால் பெருக்கினால் எவ்வளவு உலோகம் என்று தெரியும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். பாறைக்குள் ஒரு தங்க ரேகை ஓடுகிறது. நீளம் 400 மீட்டர், தடிமன் 2 மீட்டர், ஆழம் 100 மீட்டர். கன அளவு 80,000 கன மீட்டர். பாறையின் அடர்த்தி 2.7 என்றால் 2,16,000 டன் தாது. டன்னுக்கு 3 கிராம் என்றால் 648 கிலோ தங்கம்.

இப்போது கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். தடிமன் 2 மீட்டர் இல்லை, ஒன்றரை மீட்டர்தான். தரம் 3 கிராம் இல்லை, 2 கிராம்தான். மற்றதெல்லாம் அப்படியே. விடை 324 கிலோ. தடிமனில் அரை மீட்டர், தரத்தில் ஒரு கிராம் குறைந்ததும் மொத்தத் தங்கமும் சரியாகப் பாதியாகிவிட்டது.

எல்லாம் பெருக்கல் என்பதால் ஒரு இடத்தில் வரும் சின்னத் தப்பு அடுத்த இடத்தில் பெரிதாகிறது. அதனால்தான் ஒவ்வொரு எண்ணையும் அளந்து உறுதிசெய்ய வருஷக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது எப்படி?

கழுகுமலையில் பாறை வெளியே நிற்கிறது. அதைக் குடைந்துதான் வெட்டுவான் கோயிலை உருவாக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் புவியியலாளர் சுத்தியலோடு நடந்தே வரைபடம் போடலாம். ஆனால் சுற்றியுள்ள சமவெளியில் நிலைமை வேறு. மேலே கரிசல், அதற்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழேதான் பாறை. கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரியும். இப்படிப் பாறை மறைந்திருக்கும் நிலத்தில் ஆய்வு படிப்படியாகத்தான் நகரும்.

முதலில் மண், ஓடைப் படிவு மாதிரிகளை எடுத்துச் சோதிப்பார்கள். காந்தப் புலம், புவியீர்ப்பு, மின்தடை ஆகியவற்றில் வித்தியாசம் தெரிகிறதா என்று கருவிகளால் அளப்பார்கள். சந்தேகம் வந்த இடத்தில் குழியும் நீள அகழியும் தோண்டுவார்கள். அதற்குப் பிறகுதான் துளையிடும் இயந்திரம் வரும்.

இது போர்வெல் போடுவது மாதிரி இல்லை. போர்வெல்லில் பாறை தூளாகி வெளியே வரும். இங்கே வைரம் பதித்த குழாய் வடிவ முனையால் அறுப்பதால், பாறை உருளையாக முழுசாக வெளியே வரும். அதை ‘கோர்’ என்பார்கள். எந்த ஆழத்தில் எந்தப் பாறை என்று வரிசையாகப் பெட்டியில் அடுக்கி எண் போட்டு வைப்பார்கள். பிறகு அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மற்றொரு பாதி பெட்டியிலேயே இருக்கும்.

அந்த மீதிப் பாதி ஏன் முக்கியம்? நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் மறுபடி சோதிக்க அது ஒன்றுதான் சாட்சி.

இதற்குப் பெரிய உதாரணம் ப்ரீ-எக்ஸ். இந்தோனேசியாவின் புசாங் பகுதியில் உலகிலேயே மிகப் பெரிய தங்கப் படிவங்களில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக இந்தக் கனடா நிறுவனம் 1990-களில் சொன்னது. பங்கு விலை விண்ணைத் தொட்டது. அங்கே கோர்களில் பாதியைப் பாதுகாக்காமல் ஏறக்குறைய முழுவதையும் சோதனைக்கே நொறுக்கிவிட்டார்கள். 1997-ல் வெளி நிபுணர்கள் புதிதாகத் துளையிட்டுப் பார்த்தபோது தோண்டத் தகுந்த தங்கம் எதுவும் இல்லை. நொறுக்கிய மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் துகளைக் கலந்திருந்தார்கள். முதலீட்டாளர்களின் பணம் போனது போனதுதான்.

இப்போது ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது, தரம் ஏற்கெனவே தெரிந்த மாதிரிகளையும், உலோகமே இல்லாத வெற்று மாதிரிகளையும் அடையாளம் சொல்லாமல் நடுவில் சேர்த்து அனுப்புவது வழக்கம். வெற்று மாதிரியில் தங்கம் இருப்பதாக முடிவு வந்தால், எங்கேயோ தப்பு என்று அர்த்தம்.

ஒரு மாதிரியை வைத்து மொத்தத்தைச் சொல்ல முடியுமா?

கோவில்பட்டி கடலைமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் கொட்டிப் பரப்பிய மிட்டாயில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாலே மொத்தத் தட்டில் எவ்வளவு கடலை, எவ்வளவு பாகு என்று ஓரளவு சொல்லிவிடலாம். எல்லா இடத்திலும் கடலை பரவலாக இருக்கும். சுண்ணாம்புக்கல்லும் இரும்புத் தாதுவும் பெரும்பாலும் இந்த மாதிரி. துளைகள் தள்ளித் தள்ளி இருந்தாலும் சமாளிக்கலாம்.

தங்கம் அப்படி இல்லை. மிட்டாயில் எங்கோ ஒரு இடத்தில் விழுந்த ஏலக்காய் விதை மாதிரி அது. ஒரு துண்டில் இரண்டு விதை மாட்டும், பத்துத் துண்டில் ஒன்றுகூட இருக்காது. அந்த இரண்டு விதைத் துண்டை மட்டும் வைத்து மொத்தத் தட்டுக்கும் கணக்குப் போட்டால் விடை எங்கோ போய்விடும். அதனால் தங்கத்துக்கு மாதிரிகள் நிறைய வேண்டும், துளைகள் நெருக்கமாக வேண்டும். விதிவிலக்காக வரும் உயர்ந்த எண்களுக்கு ஒரு உச்சவரம்பு வைத்துத்தான் சராசரி எடுப்பார்கள்.

இரண்டு துளைக்கு நடுவில் என்ன இருக்கு?

போர்வெல் போட்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பீறிட்டிருக்கும். ஐம்பது அடி தள்ளிப் போட்டால் வெறும் புழுதி. பாறைக்குள் விரிசல் எங்கே ஓடுகிறது என்பது மேலே இருந்து தெரியாது. தாதுவும் அப்படித்தான்.

துளை போட்ட இடத்தில் மட்டும்தான் நேரடித் தகவல் இருக்கிறது. நடுவில் உள்ளதெல்லாம் மதிப்பீடு. பழைய முறையில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு எல்லை வரைந்து, அதற்குள் முழுக்க அதே தரம் என்று வைத்துக்கொள்வார்கள். இதில் நல்ல தரம் வந்த துளை தன் பங்குக்கு மேல் கணக்கை ஏற்றிவிடும்.

1951-ல் தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே, தங்கச் சுரங்க மாதிரிகளை வைத்து இந்தப் பிழையைக் காட்டினார். அதை சரிசெய்யப் புள்ளியியல் வழியும் சொன்னார். பிரான்சின் ஜார்ஜ் மாத்ரோன் அதை முழுக் கணிதமாக வளர்த்து, ‘கிரிகிங்’ என்று அவர் பெயரையே வைத்தார்.

எளிமையாகச் சொன்னால், பக்கத்துத் துளைக்கு அதிக மதிப்பு, தூரத்துத் துளைக்குக் குறைந்த மதிப்பு. எவ்வளவு தூரம் வரை ஒரு துளையின் பேச்சைக் கேட்கலாம் என்பதையும் அந்தப் படிவத்தின் மாதிரிகளே சொல்லும். முக்கியமான விஷயம், இந்த முறை விடையோடு சேர்த்து அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் கொடுக்கும்.

ஜி4, ஜி3 என்றால் என்ன?

மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டுவதற்குத்தான் இந்தக் குறியீடுகள். ஐ.நா. வகுத்த முறையை ஒட்டி, இந்தியாவில் 2015-ல் வந்த கனிம இருப்புச் சான்று விதிகள் நான்கு நிலைகளைச் சொல்கின்றன.

• ஜி4: முதல்கட்ட நோட்டம். இங்கே ஏதோ இருக்க வாய்ப்புண்டு என்பது மட்டும்.
• ஜி3: பூர்வாங்க ஆய்வு. சில துளைகளை வைத்து ஊகித்த அளவு.
• ஜி2: பொது ஆய்வு. வடிவமும் தரமும் ஓரளவு தெரியும்.
• ஜி1: விரிவான ஆய்வு. நெருக்கமான துளைகளால் அளந்த அளவு.

எண் சிறிதாக ஆக நம்பிக்கை கூடும். ரியாசி லித்தியம் ஜி3 நிலையில்தான் இருந்தது. ஏலத்துக்கு விட்டபோது போதுமான நிறுவனங்கள் முன்வராததால் 2024 மார்ச்சில் அந்த ஏலம் ரத்தானது. தலைப்புச் செய்தியில் இருந்த உற்சாகம் ஏலத்தில் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பூமிக்கு அடியில் இருப்பது ‘வளம்’. அதில் லாபத்தோடு, சட்டப்படி தோண்டி எடுக்கக் கூடியது மட்டும்தான் ‘இருப்பு’. உலோக விலை ஏறினால் தரம் குறைந்த பாறையும் தாது ஆகிவிடும். விலை இறங்கினால் அதே பாறை வெறும் கல். படிவம் மாறுவதில்லை, வெட்டுக்கோடுதான் மாறுகிறது. சுமார் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் கொடுத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டபோதும் பூமிக்கு அடியில் தங்கம் மிச்சம் இருந்தது. தரம் குறைந்து, ஆழம் கூடி, எடுக்கும் செலவு தாங்காமல் போனதுதான் காரணம்.

இருப்பு என்று முடிவான பிறகும் முழுசாகக் கையில் வராது. நம் கற்பனைக் கணக்கின் 648 கிலோவில், சுரங்கத்தில் 80 சதவீதத்தை வெட்டி எடுத்து, ஆலையில் 90 சதவீதத்தைப் பிரித்தால் கிடைப்பது சுமார் 467 கிலோ.

தூத்துக்குடி தேரி மணலில் கணக்கு எப்படி?

மாவட்டத்தின் வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். தெற்கே சாத்தான்குளம், குதிரைமொழி பக்கம் சிவந்த தேரி மணல். அந்த மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் போன்ற கனமான கனிமங்கள் கலந்திருக்கின்றன.

இங்கே வைர முனை தேவையில்லை. உதிரி மணல் என்பதால் துளைக்கருவியால் ஒவ்வொரு மீட்டருக்கும் மாதிரி எடுத்து, அடர்த்தி அதிகமான திரவத்தில் போடுவார்கள். சாதாரண மணல் மிதக்கும், கனமான கனிமம் மூழ்கும். மூழ்கியதை எடை போட்டு, அதில் எது எவ்வளவு என்று பிரிப்பார்கள்.

ஆனால் மணலிலிருந்து உலோகம் வரை படிகள் நிறைய. ஒரு உதாரணக் கணக்கு: 100 டன் மணலில் 10 டன் கனக் கனிமம், அதில் பாதி இல்மனைட் என்று வையுங்கள். 5 டன் இல்மனைட். சுத்தமான இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 52.6 சதவீதம், அதாவது 2.6 டன். அதில் டைட்டானியம் உலோகம் மட்டும் என்றால் சுமார் 1.6 டன். ‘100 டன் டைட்டானியம் மணல்’ என்று யாராவது சொன்னால், உண்மையான உலோகம் இவ்வளவுதான்.

சாத்தான்குளம் பகுதியில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை அமைக்க டாடா ஸ்டீல் போட்ட திட்டத்துக்கு 2007-ல் கடும் எதிர்ப்பு எழுந்தது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

மோனசைட் கணக்கை அணுக் கனிம இயக்குநரகம் பார்க்கிறது. கடற்கரை மணல், தேரி மணல், உள்நாட்டு வண்டல் எல்லாம் சேர்த்து நாட்டில் 131.5 லட்சம் டன் மோனசைட் இருப்பதாகவும், அதில் 72.3 லட்சம் டன் அரிய மண் ஆக்சைடு இருப்பதாகவும் 2025-ல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், 55 சதவீதம் வரும். இதுவும் அதே தாது, தரம் பெருக்கல்தான். இதுவும் மணலில் உள்ளபடியே இருக்கும் அளவு. எடுத்துக் கையில் வைத்திருக்கும் அளவு அல்ல.

மேலூரில் நடந்தது என்ன?

மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் பரப்பு 2015.51 ஹெக்டேர். 2024 நவம்பர் 7-ல் ஏல முடிவு வந்தது, ஹிந்துஸ்தான் ஜிங்க் தேர்வானது. தொகுதிக்குள், 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் 193.215 ஹெக்டேரும் இருந்தது. ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏலம் விடப்பட்டது ‘கூட்டு உரிமம்’. அதாவது எடுப்பவர் முதலில் ஆய்வு செய்து எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு சுரங்கக் குத்தகைக்குப் போக வேண்டும். ஜி4, ஜி3 நிலையில் உள்ள இடங்களைத்தான் இப்படி ஏலம் விடுவார்கள். வரைபடத்தில் தொகுதியின் கோடு போட்ட பரப்பு முழுக்க டங்ஸ்டன் என்று அர்த்தம் இல்லை. அளவு உறுதியாகும் முன்பே, கோட்டுக்குள் இருக்கும் ஊர்கள் கவலைப்படத் தொடங்கிவிட்டன.

கணக்கில் வராதது எது?

தாது மதிப்பீட்டில் மேலே இருக்கும் மண்ணுக்கு ஒரு பெயர் உண்டு: ‘மேல்மூடி’. அகற்ற வேண்டிய செலவாக மட்டுமே அது கணக்கில் வரும். கரிசலாக இருந்தாலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துவைத்து, பாசன வசதி இல்லாமலே உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் மண் அது. அந்த மண்ணின் விளைச்சல், கண்மாய், ஓடை, கோயில் எதுவும் இந்தச் சூத்திரத்தில் கிடையாது. அவற்றை எடைபோடுவது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையிலும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும்தான். டன் கணக்கு சரியாக இருந்தாலும், தோண்டலாமா என்ற கேள்விக்கு அது மட்டும் பதில் ஆகாது.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் என்ன கேட்க வேண்டும்?

1. சொன்ன எண் தாதுவின் அளவா, உலோகத்தின் அளவா?
2. தரம் எவ்வளவு? டன் மட்டும் சொல்லி தரம் சொல்லாவிட்டால் அது அரைகுறைக் கணக்கு.
3. ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது? ஜி4-ஆ, ஜி1-ஆ?
4. எத்தனை துளைகள், எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி?
5. சொன்னது யார்? ஜிஎஸ்ஐ, அணுக் கனிம இயக்குநரகம், இந்தியச் சுரங்கப் பணியகம் போன்ற அமைப்பின் அறிக்கையா, பெயர் சொல்லாத ‘வட்டாரமா’?
6. வளமா, இருப்பா? அதில் எவ்வளவு கையில் வரும்?

ஜிஎஸ்ஐயின் பூகோஷ் இணையதளத்தில் ஆய்வு வரைபடங்களைப் பார்க்கலாம். ஏலத்துக்கு வரும் தொகுதிகளுக்கு ஒரு சுருக்க அறிக்கையும் வெளியிடுகிறார்கள். அதில் பரப்பு, கிராமங்களின் பெயர், ஆய்வு நிலை எல்லாம் இருக்கும். உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

‘இங்க கீழ தங்கம் இருக்காம், விலை ஏறப் போகுது’ என்று யாராவது நிலத்துக்குப் பேரம் பேச வந்தாலும், ‘எல்லாம் போகப் போகுது, இப்பவே வித்துடுங்க’ என்று பயமுறுத்தினாலும், இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள். சோன்பத்ராவில் இரண்டாவது கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், 3,000 டன் அன்றைக்கே 160 கிலோவாகச் சுருங்கியிருக்கும்.